ஐந்தாவது ஏன்

என் லைனில் வேலை பார்த்த ஒரு தம்பியைப் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மிக்குள் கூட்டிப் போனவன் நான். அவன் அதில் மூழ்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அவன் கையில் ஒரு தவறு நடந்து, காரணம் என்ன என்று கம்பெனி கேட்டபோது, தெரிந்ததை மறைத்து வேறொன்றை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் வேலை போனது. என் வேலை போகவில்லை.

இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. வீட்டில் கொஞ்சம், நண்பர்களிடம் கொஞ்சம் என்று ஆளுக்குத் தகுந்தபடி சொல்லி வைத்திருந்தேன். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்ட வாரம், எங்கள் கேண்டீனில் இதே பேச்சுதான். போன் கேமே கூடாது, பசங்களைக் கெடுப்பதே அதுதான் என்றார் வயதான ஃபிட்டர் ஒருவர். கேம் இல்லையென்றால் இந்த ஊரில் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்றான் ட்ரெய்னி பையன் ஒருவன். "நீ சொல்லுப்பா" என்று என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டேன். இரண்டு பேர் சொன்னதற்கும் என் வாழ்க்கையிலேயே சாட்சி இருந்தது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் வந்தவாசிப் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு 2016-இல் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டினால் எங்கள் உலகம். ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் என்று பெரிய பெயர்களெல்லாம் ஒரகடம், வல்லம் வடகால் பக்கம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டையில் 1990-களிலேயே வந்துவிட்ட ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் போன் அசெம்பிளி செய்யும் ஆலை. இந்தப் பெரிய பெயர்களுக்கு பிராக்கெட்டும் பைப்பும் சீட் ஃபிரேமும் செய்து கொடுக்கும் கம்பெனிகளில்தான் என்னைப் போன்றவர்கள்.

வேலைக்கென்று இத்தனை ஆயிரம் பேரைக் கூட்டிவந்த இடத்தில், வேலை நேரம் போக மிச்சப் பொழுதை அவர்கள் எங்கே கழிப்பார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. படப்பையிலும் மாத்தூரிலும் மாடிமேல் மாடி கட்டி அறைக்கு ஐந்தாறு பேராக வாடகைக்கு விட்டார்கள். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். ஓர் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதே அபூர்வம். கிரிக்கெட் ஆடலாம் என்றால் நாலு பேர் சேர மாட்டார்கள். இருந்த பொட்டலெல்லாம் பிளாட் போட்டாகிவிட்டது. டீக்கடை, ஏரிக்கரை, டாஸ்மாக், போன், இவ்வளவுதான். இதில் போனைப் பிடித்தவர்கள் தப்பான முடிவு எடுத்துவிட்டதாக நான் இன்றும் நினைக்கவில்லை. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அங்கே தங்கியிருக்கும் என் சித்தி மகள், நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஊரில் இருக்கும் தங்கையோடு ஒரு ஆட்டம் லூடோ ஆடிவிட்டுத்தான் படுப்பாள். காய் நகர்த்திக்கொண்டே வீட்டுக் கதையெல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2018-இல் பப்ஜி மொபைல் வந்தது. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும், கடைசி வரை உயிரோடு இருப்பவர்கள் ஜெயித்தவர்கள். நாலு பேர் ஒரு அணியாகச் சேரலாம். எங்கள் அறையில் நானும் திண்டிவனத்துப் பையன் ஒருவனும், பக்கத்து அறையில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவரும் அணியானோம். அதற்கு முன்னால் ஒரே லைனில் எவ்வளவோ நாள் அந்த இருவரோடு நின்றிருக்கிறேன், 'ஜல்தி', 'கானா' தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆட்டத்தில் அப்படி இருக்க முடியாது. எதிரி எந்தப் பக்கம் வருகிறான், நம்மில் யார் அடிபட்டுக் கிடக்கிறான், யாரிடம் மருந்து இருக்கிறது எல்லாவற்றையும் மைக்கில் அந்த நொடியே சொல்லியாக வேண்டும். ஆகே, பீச்சே, ருக், முஜே உட்டா. அப்படியே எனக்கு இந்தி வந்தது. அவர்களுக்குத் தமிழ் வந்தது, அதுவும் எங்கள் ஊர்த் தமிழ்.

ஒருநாள் வெல்டிங் ஃபிக்சரில் கிளாம்ப் இறங்கும் நேரம். அந்தச் சகோதரர்களில் இளையவன், கோணலாக உட்கார்ந்திருந்த பார்ட்டைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டான். "பீச்சே ஹட்!" என்று கத்தினேன். ஆட்டத்தில் தினமும் கத்துகிற சொல் அது. அவன் யோசிக்கவில்லை, அப்படியே பின்னால் துள்ளினான். கிளவுஸ் நுனி மட்டும் கிளாம்பில் மாட்டிக் கிழிந்தது. "கையை எடுடா" என்று தமிழில் கத்தியிருந்தால் அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்திருப்பான். அதற்குள் விரல்கள் போயிருக்கும்.

2020 ஊரடங்கில் அவர்கள் கிடைத்த ரயிலைப் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்தும் தினமும் ராத்திரி ஆட்டத்துக்கு வந்தார்கள். யார் வீட்டில் அரிசி இருக்கிறது, யார் வீட்டில் இல்லை, யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அந்த மைக்கில்தான் தெரிந்துகொண்டோம். செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. அன்று எங்கள் நாலு பேருக்கும் ஏதோ வீடு காலி செய்த மாதிரி இருந்தது.

எவ்வளவு நேரம் ஆடுகிறான் என்பதை வைத்து ஒருவன் கெட்டானா பிழைத்தானா என்று முடிவு செய்ய முடியாது என்று நான் சொன்னால், ஆடியவன் தன் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதையே சொன்னார்கள். கிட்டத்தட்ட 39,000 பேர் உண்மையில் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்ற பதிவைக் கேம் கம்பெனிகளிடமிருந்தே வாங்கிப் பார்த்து, ஆடிய நேரத்துக்கும் அவர்கள் மனநலத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பில்லை என்று 2022-இல் வெளியிட்டார்கள். ஆசைப்பட்டு ஆடுகிறானா, ஆடாமல் இருக்க முடியாமல் ஆடுகிறானா என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறதாம். உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் கோளாறு' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்தபோதும் இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைக்கவில்லை. கட்டுப்பாடு கையை விட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டம் முந்திக்கொள்வது, கெடுதல் கண்ணெதிரே நடந்தும் நிறுத்த முடியாமல் இருப்பது, இந்த மூன்றும் பொதுவாக 12 மாதங்களாவது நீடிக்க வேண்டும் என்கிறது. பப்ஜி காலத்தில் நான் ராத்திரி ராத்திரியாக ஆடியிருக்கிறேன். இந்த மூன்றில் ஒன்றும் எனக்கு இருந்ததில்லை. ரம்மியில் மூன்றும் இருந்தன.

பப்ஜி போன அதே செப்டம்பரில் துபாய், அபுதாபியில் ஐ.பி.எல். தொடங்கியது. ஓவருக்கு ஓவர் பணம் கட்டி ஆடும் செயலிகளின் விளம்பரம். நானும் ஒரு ரம்மி செயலியை இறக்கினேன். சேர்ந்ததற்கு இலவசப் பணம் கொடுத்தார்கள், முதல் நாள் ஜெயித்தேன். இது எல்லோருக்கும் நடக்கிற கதை, நீட்ட வேண்டியதில்லை. யாரும் விளக்கிச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசையில் சேரும் பணத்திலிருந்து செயலி தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் ஜெயித்தவனுக்குக் கொடுக்கும். ஆறு பேர் சமமான கெட்டிக்காரர்களாக இருந்து விடிய விடிய ஆடினாலும், விடியும்போது ஆறு பேர் கையில் இருக்கும் மொத்தப் பணம் குறைந்திருக்கும். திறமை அந்தக் குறைவை ஒருவன் தலையிலிருந்து இன்னொருவன் தலைக்கு மாற்றும், அவ்வளவே.

பாயின்ட் ரம்மியில் பதின்மூன்று சீட்டைப் பார்த்ததும் கை மோசம் என்று தெரிந்தால், ஒரு சீட்டும் எடுக்காமல் விலகிக்கொள்ளலாம். 20 பாயின்ட் நஷ்டத்தோடு போகும். நடுவில் விலகினால் 40. கடைசிவரை இருந்து தோற்றால் 80 வரை. நிதானமாக ஆடுபவன் 20-இல் விலகுவான். எனக்கும் அது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பேன். ஆனால் தோற்று உட்கார்ந்திருக்கிற ராத்திரியில் என் விரல் அந்த 'டிராப்' பொத்தானுக்குப் போகாது. அடுத்த சீட்டு ஜோக்கராக இருந்துவிட்டால்? இந்த ஒரு கேள்விக்கு என் சம்பளத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது.

அந்த நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டு இவற்றைத் தடை செய்தது. செயலியைத் திறந்தால் உங்கள் மாநிலத்தில் ஆட முடியாது என்று வந்தது. சில மாதம் நன்றாகத் தூங்கினேன், கடனையும் கொஞ்சம் அடைத்தேன். 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சீக்கிரமே செயலியிலிருந்து போனஸ் கொடுத்து மறுபடி வரச் சொல்லி மெசேஜ் வந்தது. போனேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தம்பி சேர்ந்தது அந்த வருடக் கடைசியில். காண்ட்ராக்ட் ஆள். வயது பத்தொன்பதோ இருபதோ. அப்பா இல்லை, அம்மாவும் ஒரு அக்காவும். அதற்குள் பப்ஜி பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்ப வந்திருந்தது, எங்கள் அணியும் திரும்பக் கூடியிருந்தது. திண்டிவனத்துப் பையன் கல்யாணமாகிப் போய்விட்டதால் இவனை நாலாவது ஆளாகச் சேர்த்தோம். நல்ல ஆட்டக்காரன். யாராவது அடிபட்டால், குண்டு பாய்ந்துகொண்டிருந்தாலும் ஓடிவந்து தூக்கிவிடுவான். "நான் இருக்கேன் ணா, நகராதீங்க" என்பான். லைனில் என்னை சார் என்று கூப்பிட வேண்டிய பையன், அந்த ஆட்டத்தால் அண்ணா என்று கூப்பிடத் தொடங்கினான். நான் எது சொன்னாலும் கேட்பான்.

நான் செய்த பெரிய துரோகம் இதில்தான் இருக்கிறது. இலவசமாக ஆடிய ஆட்டம் கொடுத்த நம்பிக்கையை வைத்துத்தான் அவனைப் பணம் கட்டும் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன். அறிமுகமில்லாத ஒருவன் சொல்லியிருந்தால் அவன் ரம்மி பக்கம் போயிருக்க மாட்டான். சம்பளம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெஸ்ஸுக்கு எடுத்து வைப்பவன். எனக்கு அப்போது நிறைய நஷ்டம். ஒருவரைச் சேர்த்துவிட்டால், அவர் பணம் கட்டும்போது சேர்த்தவர் கணக்கில் ரெஃபரல் போனஸ் ஏறும். அதைக் கையில் எடுக்க முடியாது, ஆடித்தான் கரைக்க முடியும். அதற்காகத்தான். அவன் மேல் கோபமோ பொறாமையோ எதுவும் கிடையாது. கூசாமல் சொல்வதென்றால், அவனைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"சூதாட்டம் இல்லையா ணா?" என்று கேட்டான். "டேய், ரம்மி திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்றேன். விளம்பரத்தில் வந்த வரி. பின்னால் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படித்தேன். 1967-இல், செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் பற்றிய வழக்கு. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைப்பதற்கும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்பதற்கும் திறமை வேண்டும் என்று அதில் உண்மையிலேயே இருக்கிறது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்தை நடத்துபவர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்று. இந்தப் பாதியை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. நானும் அப்போது தேடவில்லை. தேடாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

முதல் வாரம் ஜெயித்தான். அக்காவுக்குச் சுடிதார் எடுத்து அனுப்பினான். பிறகு தோற்றான், தோற்றதைப் பிடிக்க ஆடினான். அம்மாவிடம் பைக்குக்கு முன்பணம் என்று பொய் சொல்லிச் சங்கிலியை அடகு வைக்கச் சொன்னான். அதுவும் போனபின் போனிலேயே கடன் தரும் செயலிகளுக்குப் போனான். கடன் வாங்கும்போது தெரிந்தவர் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறான். வசூல் ஆட்கள் எனக்குப் போன் செய்து, அவன் கட்டவில்லை, நீங்கள் யார் என்று கேட்டார்கள். "ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு நம்பரை பிளாக் செய்தேன். மறுநாள் அவனோடு ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். அந்தப் போனைப் பற்றி நான் பேசவில்லை.

2022 ஜூன். ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் அடுத்தடுத்து நடந்ததால், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. தற்கொலைத் தடுப்பில் பல காலம் வேலை செய்த மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இருந்தார். அந்த மாதமே அறிக்கை கொடுத்தார்கள். கேண்டீன் டி.வி.யில் அந்தச் செய்தி ஓடியபோது தம்பி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு நைட் ஷிப்டில் அது நடந்தது. எங்கள் லைனில் ஒரு பிராக்கெட்டுக்கு நட்டு வைத்து வெல்டிங் செய்வோம். நட்டு இல்லாமல் பார்ட் நகர்ந்தால் சென்சார் மெஷினை நிறுத்திவிடும். அந்த வாரம் சென்சார் கோளாறாகிச் சும்மா சும்மா நிறுத்தியது. மெயின்டனன்ஸ் வரும் வரை பைபாஸில் ஓட்டு, ஒவ்வொரு பார்ட்டையும் கண்ணால் பார்த்து மார்க்கர் புள்ளி வை என்று அவனிடம் சொன்னேன். பைபாஸ் சாவி என்னிடம்தான் இருக்கும். அப்படி ஓட்டும்போது லைன் லீடர், அதாவது நான், ஒவ்வொரு மணிக்கும் வந்து சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஆபரேட்டர்கள் போனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும், லைன் லீடருக்கு அனுமதி உண்டு. அன்று ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நான் சரிபார்க்கப் போகவில்லை. பேனலுக்குப் பின்னால் நின்று ரம்மி ஆடிக்கொண்டிருந்தேன். அவன் பல ராத்திரிகளாகத் தூங்காதவன், பார்க்காமலேயே புள்ளி வைத்திருக்கிறான். நட்டு இல்லாத பிராக்கெட்டுகள் கஸ்டமர் லைனுக்குப் போய், அவர்கள் லைனை நிறுத்தும்படி ஆகிவிட்டது.

இப்படி நடந்தால் வொய்-வொய் ஷீட் எழுத வேண்டும். டொயோட்டாவிலிருந்து உலகம் முழுக்கப் போன முறை. ஏன் என்று கேட்டு வரும் பதிலை மறுபடி ஏன் என்று கேட்டு, ஐந்து ஏனுக்குள் ஆணிவேரைப் பிடிக்க வேண்டும். நட்டு இல்லாத பார்ட் ஏன் வெளியே போனது? சென்சார் பைபாஸில் இருந்தது. கண்ணால் பார்த்தும் ஏன் தவறியது? ஆபரேட்டர் கவனக்குறைவு என்று எழுதி நிறுத்தினேன். குவாலிட்டி இன்ஜினீயர் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "மனுஷன் மேல போய் நிக்கக் கூடாதுப்பா. இன்னொரு ஏன் போடு" என்றார். ஆபரேட்டர் ஏன் கவனிக்கவில்லை? ஏன் மணிக்கொரு முறை சரிபார்ப்பு நடக்கவில்லை? அந்தக் கட்டங்களுக்கான உண்மையான பதில் என் சட்டைப்பையில் இருந்தது. நான் எழுதியது: புதிய ஆபரேட்டர், பயிற்சி போதாது. சரிபார்ப்பு ஷீட்டில் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் பின்னால் போய் டிக் போட்டு வைத்தேன்.

நான் பேனலுக்குப் பின்னால் நின்றதை அவன் பார்த்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. அவனை இனி அனுப்ப வேண்டாம் என்று காண்ட்ராக்டருக்குச் சொல்லிவிட்டார்கள். பாதுகாப்பு ஷூவைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது கேட்டில் பார்த்தேன். ஏதாவது பேச வேண்டுமென்று, பி.எஃப். பணம் வரும், நம்பரைப் பத்திரமாக வை என்றேன். "சரிங்க ணா" என்று போய்விட்டான்.

அதன் பிறகும் நான் ஆடினேன். அவன் போன வாரமும் ஆடினேன். என்னை நிறுத்தியது மனசாட்சி என்று இங்கே எழுதினால் அது இன்னொரு பொய் ஷீட். அந்த அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், பிறகு மசோதா, கவர்னர் திருப்பி அனுப்பியது, மறுபடி சட்டமன்றத்தில் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் சட்டமானது, அந்த நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அது பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, இதையெல்லாம் நான் பேப்பரில் தேடித் தேடிப் படித்தது சட்ட அறிவுக்காக இல்லை. இன்று ராத்திரி ஆட முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் கேமிங் ஆணையம் விதிமுறை போட்டது. ஆதார் சரிபார்ப்பு, 18 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடவே கூடாது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. வயது வந்தவர்கள் அவரவர் பணத்தில் அவரவர் விருப்பப்படி ஆடுவதை அரசு தடுக்கலாமா என்பது வாதம். நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், கே. ராஜசேகர் அமர்வு ஜூன் 3-ஆம் தேதி விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நைட் ஷிப்டில் அந்த ஐந்து மணி நேரம்தான் என் ஆட்ட நேரம். அது அடைபட்டதும் முதல் வாரம் கை நடுங்கியது, எரிந்து விழுந்தேன். அதன் பின் மெல்லத் தெளிந்தது. என் விருப்பம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் விருப்பமாக இருக்கவில்லை. தடை வந்த பிறகுதான் எனக்கு விருப்பம் என்ற ஒன்று திரும்ப வந்தது. அவரவர் விருப்பம் என்று பேசுகிறவர்கள் தயவுசெய்து என்னைப் போன்றவனையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதற்காக எல்லா ஆட்டத்தையும் ஒரே குப்பையில் கொட்டச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். 2022 பிப்ரவரியில், நான் ரெஃபரல் போனஸைக் கரைத்துக்கொண்டிருந்த அதே மாதத்தில், சென்னைப் பையன் பிரக்ஞானந்தா, 16 வயது, ஆன்லைன் போட்டி ஒன்றில் உலக சாம்பியன் கார்ல்சனைத் தோற்கடித்தார். இந்திய நேரப்படி நடுராத்திரி தாண்டியிருந்தது. எனக்கு எதிரே இருந்ததும் அதே மாதிரி ஒரு திரைதான். இதைச் சொல்வது என்னை அவரோடு வைத்துப் பார்க்க அல்ல. ராத்திரியையும் திரையையும் குற்றவாளி ஆக்கிவிட்டு, நம் தோல்வியில் காசு பார்ப்பவனையும், அவனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்த என்னைப் போன்றவனையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக. அந்த ஃபிட்டர் பெரியவர் தன் பேரன் போனில் கார் ஓட்டுகிறான் என்று கவலைப்படுகிறார். பேரன் ஆட்டத்தில் காசு எங்கிருந்து எங்கே போகிறது என்று மட்டும் அவர் முதலில் பார்த்தால் போதும்.

கேண்டீனில் அந்தப் பேச்சு நடந்த வாரம் தம்பியின் நம்பரைத் தேடினேன். கஞ்சம் சகோதரர்களிடம் இருந்தது. எங்கள் பழைய அணியின் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு அவன் விலகவே இல்லையாம், நான்தான் விலகியிருந்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். கடனை அடைக்க அக்கா கல்யாணம் தள்ளிப் போய், பிறகு நடந்திருக்கிறது. சங்கிலி மீட்க முடியாமல் ஏலம் போய்விட்டது. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சேத்து விட்டதுக்கு நான் கோவிச்சுக்கல ணா. ஆடுனது நான்தானே" என்றான். "அந்த ஷீட்ல பயிற்சி போதாதுன்னு எழுதுனீங்களாமே. காண்ட்ராக்டர் ஆபீஸ்ல சொன்னாங்க. நீங்கதானே ணா எனக்கு வேலை கத்துக் குடுத்தீங்க. அதுதான் இன்னும் மனசுல இருக்கு."

பணம் கொடுக்கிறேன் என்றேன். சங்கிலியின் எடைக்கு இன்றைய விலை மூச்சு முட்டுகிறது, மாதாமாதம் அம்மா கணக்குக்கு என்னால் முடிந்ததை அனுப்புவதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு மேனேஜருக்கு நடந்ததைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பைபாஸ், இரண்டு மணி, மூன்று மணி, பொய் டிக், எல்லாவற்றையும். படித்துவிட்டு, "மூணு வருஷம் முன்னாடி க்ளோஸ் பண்ணின கம்ப்ளெயின்ட், இதை இப்ப எதுக்குப்பா கிளர்றே?" என்றார். பிறகு எச்.ஆருக்கு அனுப்பிவிட்டார். விசாரணைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். லைன் லீடர் பொறுப்பை எடுத்துவிடலாம், வேலையே போகலாம், எதுவானாலும் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருக்கிறேன். கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறேன்: காண்ட்ராக்டர் ஆபீஸ் பதிவேட்டில் அந்தத் தம்பியின் பெயருக்கு நேரே இருக்கும் குறிப்பை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரையும் எம்ப்ளாயி நம்பரையும் எழுதச் சொல்லி.